வெயிட்ட விட நீளந்தான் முக்கியம்: .223 பேரல் ட்விஸ்ட் பத்தி நேர்ல பாத்தது

டார்கெட் ரைஃபிள் ஷூட் பண்றவங்க இங்க கொஞ்ச பேர் இருக்கீங்கன்னு தெரியும், உங்க அனுபவத்தையும் கீழ போடுங்க. இது ஒட்டாவா கன்னாட் ரேஞ்ச்ல நான் பாத்தது.

அன்னிக்கு எனக்கு பட்ஸ்ல வேலை. டார்கெட்டுக்கு அடில இருக்கற பள்ளத்துல நின்னுகிட்டு, ஒவ்வொரு ஷாட் விழுந்ததும் ஃப்ரேம இறக்கி, ஓட்டைல டிஸ்க் சொருகி, பழைய ஓட்டைய ஒட்டிட்டு திருப்பி ஏத்தணும். அக்டோபர் கடைசி, காலைல 0 டிகிரிய ஒட்டி குளிர், கை விறைச்சுப் போச்சு. 300 மீட்டர். என் டார்கெட்ல சுட்டுக்கிட்டிருந்தது நம்ம கிளப் தம்பி ஒருத்தன், .223 பேரல் (.223ங்கறது தோட்டா சைஸ்), 1:9 ட்விஸ்ட், அதாவது பேரல் உள்ள இருக்கற வரிப்பள்ளம் 9 இன்ச்சுக்கு ஒரு முழுச் சுத்து புல்லட்ட சுத்த விடும்.

சாதாரணமா பேப்பர்ல ஓட்டை குட்டி வட்டமா, ஓரத்துல சாம்பல் கலர் வளையத்தோட சுத்தமா இருக்கும். அவனோட ஓட்டை எதுவும் அப்படி இல்ல. முதல் ஒண்ணு ரெண்டு நீள்வட்டம், வளையம் ஒரு பக்கம் மட்டும் தடிச்சு இருந்துச்சு. அப்புறம் ஒண்ணு வந்தது பாருங்க, புல்லட் படுத்துக்கிட்டே உள்ள போன மாதிரி பக்கவாட்டு உருவம் அப்படியே பேப்பர்ல கிழிஞ்சிருக்கு, மூக்கு எந்தப் பக்கம் வால் எந்தப் பக்கம்னு சொல்லிடலாம். இதத்தான் கீஹோல்னு சொல்றோம். அடுத்த ஷாட் ஃப்ரேமோட மரக்கட்டைல.

அவன் சுடற முறை முடிஞ்சதும் அவன்கிட்ட போய் என்ன லோடுடா தம்பின்னு கேட்டேன். "அண்ணா, முன்னாடி 77 கிரெய்ன் (புல்லட் எடை அளவு) சியரா மேட்ச்கிங் புல்லட் போட்டேன், நல்லா குரூப் ஆச்சு. இப்ப 75 தான் போடறேன், வெயிட் கம்மி தானே, இதுக்கு இந்த ட்விஸ்ட் தாராளமா போதும்ல? ஆகஸ்ட்ல 100 மீட்டர்ல பாத்தப்ப ஓட்டை வட்டமாத்தான் இருந்துச்சு"ன்னான்.

அவன் வாங்கினது பிளாஸ்டிக் டிப் வெச்ச 75. விஷயமே அங்கதான் இருக்கு. பையிலிருந்து காலிப்பர எடுத்து ரெண்டையும் அளந்து காட்டினேன். 77 மேட்ச்கிங் ஒரு இன்சுக்கு மயிரிழை கம்மி. டிப் வெச்ச 75 கிட்டத்தட்ட 1.1 இன்ச். வெயிட் 2 கிரெய்ன் கம்மி, ஆனா நீளம் பத்துல ஒரு பங்கு கூட. ட்விஸ்ட் கேக்கறது நீளத்தத்தான். உசரமான பம்பரத்த நிமிந்து நிக்க வைக்கணும்னா இன்னும் வேகமா சுத்த விடணும் இல்லையா, அதேதான் இங்கயும். 1879லயே ஜார்ஜ் கிரீன்ஹில்னு இங்கிலாந்து கணக்கு வாத்தியார் போட்ட ஃபார்முலால புல்லட் வெயிட்டே கிடையாது, விட்டமும் நீளமுந்தான். நாம வெயிட்ட சொல்லிப் பழகினதுக்குக் காரணம், ஒரே மாதிரி ஈய கோர் புல்லட்ல வெயிட் ஏறினா நீளமும் கூடவே ஏறும், அவ்ளோதான். டிப் வெச்சதும் முழு காப்பர் புல்லட்டும் வந்தப்புறம் அந்தக் கணக்கு உடைஞ்சு போச்சு. காப்பர் ஈயத்த விட லேசு, அதே வெயிட்டுக்கு புல்லட் நீண்டுதான் ஆகணும்.

புல்லட் எவ்ளோ நிலையா நிக்கும்னு சொல்ற டான் மில்லர் ஃபார்முலால போட்டுப் பாத்தா 1:9ல அந்த 77க்கு ஸ்டெபிலிட்டி சுமார் 1.4 வருது. டிப் வெச்ச 75க்கு 1ஐ ஒட்டித்தான் வருது (டிப்புக்கு எடை ரொம்பக் கம்மிங்கறதால நிஜத்துல இதவிடக் கொஞ்சம் நல்லா நிக்கும், ஃபார்முலா அத கண்டுக்காது). 1க்குக் கீழ போனா உருள ஆரம்பிச்சுடும், 1.5 இருந்தா நிம்மதி. இதுல குளிர் வேற சேருது. குளிர்ந்த காத்து அடர்த்தி அதிகம், அது மூக்கப் புரட்டற பலமும் அதிகம். ஆகஸ்ட் 30 டிகிரிலேர்ந்து அன்னிக்கு 0 டிகிரிக்கு வந்ததுல மட்டும் ஸ்டெபிலிட்டி பத்துல ஒரு பங்கு குறைஞ்சிருக்கும். வெயில்ல நூலிழைல நின்ன புல்லட் குளிர்ல விழுந்துடுச்சு. இது அவனுக்கு மட்டும் நடந்ததில்ல. 1960கள்ல அமெரிக்க ராணுவத்துக்கே ஏஆர்-15 ரைஃபிள அலாஸ்கா குளிர்ல டெஸ்ட் பண்ணப்ப இதே கதைதான், 1:14 ட்விஸ்ட்ல 55 கிரெய்ன் நிக்கலன்னு 1:12க்கு மாத்தினாங்க.

தம்பி மறுபடி 77க்கே போயிட்டான், அந்த பேரல்ல அதுக்கப்புறம் ஒரு ஓட்டை கூட கோணல் இல்ல.

பதில் – இங்கிலாந்துலேர்ந்து

அண்ணே, சூப்பர் பதிவு. எங்க பக்கம் .308 (இன்னும் பெரிய சைஸ் தோட்டா) தான் அதிகம், நான் பிஸ்லி ரேஞ்ச்ல பாத்தத சொல்றேன். பால்மாங்கற தொலைதூரப் போட்டி ஆளுங்க 155 கிரெய்னுக்குன்னே 1:13 பேரல் போடுவாங்க, அது அந்த புல்லட்டுக்கு கச்சிதம். ஒருத்தர் அப்படி ஒரு நல்ல பேரல வெச்சுக்கிட்டு எஃப்-டிஆர் (ரைஃபிள ஸ்டாண்ட்ல தாங்கி வெச்சு சுடற போட்டி) ஷூட் பண்ண ஆசப்பட்டு 185 கிரெய்ன் ஏத்தினாரு. 300 கெஜத்துல அருமையா குரூப் ஆகுது, ஓட்டையும் வட்டம், அவருக்கு சந்தேகமே வரல. அங்கயே ஸ்டிக்கிள்டவுன்ங்கற ரேஞ்ச்ல 1000 கெஜம் போனதும், புல்லட் எங்க விழும்னு கணக்குப் போடற ஆப் சொன்னத விட புல்லட் கீழயே விழுது, காத்துலயும் அதிகமா தள்ளுது. கணக்குப் போட்டா ஸ்டெபிலிட்டி சுமார் 1.2 தான். கீஹோல் ஆகாது, ஆனா புல்லட் லேசா தலையாட்டிக்கிட்டே போறதால இழுவை கூடி, பெட்டில போட்டிருக்கற பிசி நம்பர் (புல்லட் காத்த எவ்ளோ நல்லா கிழிச்சுட்டுப் போகும்ங்கற அளவு) கிடைக்காது. என்னக் கேட்டா கீஹோல விட இதுதான் மோசம், பேப்பர்ல எதுவுமே தெரியாது, ஆள் காத்தையும் தன் கண்ணையும் திட்டிக்கிட்டு சீசன் பூரா ஓட்டிடுவாரு. அவரு கடைசில 1:10 பேரல் போட்டாரு, ஆப் சொன்ன எடத்துல புல்லட் விழுது.

பதில் – டெக்சஸ்லேர்ந்து

.22 ஆளுங்க இது நமக்கு இல்லன்னு நினைக்க வேண்டாம். .22 எல்ஆர் பேரல் பெரும்பாலும் 1:16, 40 கிரெய்ன் ஈய புல்லட்டுக்காக வெச்சது. 60 கிரெய்ன் புல்லட் வெச்ச சப்சோனிக் (ஒலிய விட மெதுவா போற) ரவுண்டு ஒண்ணு விக்கறாங்க, எங்க ரேஞ்ச்ல பக்கத்து லேன்காரர் ஆசையா வாங்கிட்டு வந்தாரு. 25 கெஜத்துலயே படுத்துக்கிட்டு போகுது. ரைஃபிள்ல ஒரு குறையும் இல்ல, அந்த ரவுண்டுக்கு 1:9 மாதிரி பேரல் வேணும்.

எதிர்ப்பக்கமும் ஒண்ணு சொல்லிடறேன். 1:7 இருந்தா எல்லாத்தையும் சுட்டுடலாம்னு நினைச்சு, வேட்டைக்குன்னு செஞ்ச மெல்லிசு ஜாக்கெட் (வெளி உறை) 50 கிரெய்ன முழு வேகத்துல விட்டாரு ஒரு நண்பர். சில ஷாட் டார்கெட்டுக்கே போகல, நடு வழில சாம்பல் நிறத்துல ஒரு புகைக் கோடு, அவ்ளோதான். வேகத்த 720ஆல பெருக்கி ட்விஸ்டால வகுத்தா சுத்து வரும். செகண்டுக்கு 3000 அடி வேகம், 1:7 பேரல்னா நிமிஷத்துக்கு 3 லட்சம் சுத்துக்கு மேல. 1:12ல அது 1,80,000 தான். மெல்லிசு ஜாக்கெட் அந்த சுத்துல பிச்சுக்கும். மேட்ச் புல்லட் ஜாக்கெட் தாங்கும், அதுக்குப் பயப்பட வேணாம்.

பதில் – பதிவு போட்டவர்

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. இன்பாக்ஸ்ல சிலர் புது .223 பேரலுக்கு என்ன ட்விஸ்ட் போடலாம்னு கேட்டீங்க. 69லேர்ந்து 77 வரைக்கும் மட்டும் போதும்னா 1:8 போதும். 80 கிரெய்ன் மேட்ச்கிங்கும் 1:8ல 1.5 கிட்ட வந்துடும், அது மேகசின்ல அடங்காது, ஒண்ணொண்ணா சேம்பர்ல வெச்சுத்தான் சுடணும். குளிர்லயும் சுடுவேன், டிப் வெச்சதும் போடுவேன்னா யோசிக்காம 1:7 போடுங்க. 90 கிரெய்ன்னா புல்லட் கம்பெனி என்ன ட்விஸ்ட் சொல்றாங்களோ அதப் பாத்துட்டு பேரல் ஆர்டர் பண்ணுங்க. கொஞ்சம் அதிகமா சுத்தினா மேட்ச் புல்லட்டுக்கு பெரிய நஷ்டம் இல்ல, கம்மியா சுத்தினா மீளவே முடியாது, அதனால சந்தேகம்னா வேகமான ட்விஸ்ட் பக்கமே சாயுங்க.

செகண்ட் ஹேண்ட் ரைஃபிள் வாங்கறவங்க பேரல் மேல அடிச்சிருக்கறத மட்டும் நம்பாதீங்க. சேம்பர் காலின்னு பாத்து போல்ட்ட கழட்டி வெச்சுடுங்க. கைப்பிடி தனியா சுத்தற க்ளீனிங் ராட்ல இறுக்கமா பேட்ச் போட்டு உள்ள தள்ளி, ராட் மேல ஒரு துண்டு டேப்ப கொடி மாதிரி ஒட்டி, அது மேல் பக்கம் பாத்து நிக்கறப்ப ராட்ல ஒரு கோடு போடுங்க. மெதுவா இழுங்க, கொடி ஒரு முழுச் சுத்து வந்து மறுபடி மேல நிக்கற எடத்துல இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எத்தன இன்ச்சோ அதுதான் உங்க ட்விஸ்ட். பேட்ச் வழுக்கினா நம்பர் தப்பா வரும், அதனால ரெண்டு மூணு தடவ இழுத்து ஒரே அளவு வருதான்னு பாருங்க. 1:9னு அடிச்சிருந்த ஒரு பேரல் இப்படி அளந்தப்ப ஒன்பதேகால் கிட்ட காட்டுச்சு, 77க்கே அது சங்கடந்தான்.

.243 வெச்சிருக்கறவங்க யாராச்சும் 1:10 பேரல்ல 105 கிரெய்ன் சுட்டுப் பாத்திருந்தா எழுதுங்க, எந்த டெம்பரேச்சர்ல சுட்டீங்கன்னும் சேத்து சொல்லுங்க.