அப்டேட்: அந்த 43 ஃபங்கோ பாப் பொம்மைங்க என்னாச்சு

போன மாசம் புலம்பியிருந்தேன்ல, அலமாரில 43 ஃபங்கோ பாப் டப்பா கூட பிரிக்காம தூசி புடிச்சு நிக்குது, விக்கலாமா வேணாமான்னு. வித்துட்டேன், 42 போச்சு, போட்ட காசுல பாதி கூட தேறல.

பேக் பண்றப்பதான் எல்லாத்தையும் வரிசையா வச்சு பாத்தேன், பேட்மேனும் சரி டார்த் வேடரும் சரி, ஒரே அச்சுல வார்த்த மாதிரி பெரிய தலை, சின்ன உடம்பு, இதுல நான் என்னத்த தேடித் தேடி வாங்கினேன்னே புரியல. தேடுறதுதான் கிக்கு போல, அதுலயும் அந்த சேஸ் (கம்மியா மட்டும் வர்ற அபூர்வ வகை) ஸ்டிக்கர் ஒட்டின டப்பா கைல கிடைக்கிற அந்த ஒரு நிமிஷம் இருக்கே, அத மட்டும் பொய்னு சொல்ல மாட்டேன்.

"வச்சிருந்தா விலை ஏறும் ப்ரோ"ன்னு கமெண்ட் போட்டவங்களுக்கு: 2023ல அந்த ஃபங்கோ கம்பெனியே குடோன்ல இடமில்லாம 3 கோடி டாலருக்கும் மேல மதிப்புள்ள சரக்க தூக்கிப் போடப் போறோம்னு அறிவிச்சாங்க, செஞ்சவனே குப்பைல போடுறான், நான் பத்திரமா பபுள் ராப் சுத்தி வச்சிருந்தேன் (சிரிக்காதீங்க).

மீதி ஒண்ணு க்ரூட், மார்வெல் படத்துல வர்ற மர மனுஷன். பொண்ணு டப்பாவ கிழிச்சு விளையாடி பொம்மையோட கைய ஒடச்சுட்டா, யாரும் வாங்கல. இப்ப அவ தலகாணி பக்கத்துல கிடக்கு.