கொரியாவின் 'தி ஹவுஸ்மெய்ட்': 1960 படமா, 2010 படமா?

நெய்தல்:
கிம் கி-யங் 1960இல் எடுத்த படத்தை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. வேலைக்கு வந்த ஏழைப் பெண்ணை எலிப்பாஷாணமும் கையுமாக அலையவிட்டு, அந்த நடுத்தரக் குடும்பத்துக்காக நம்மைப் பரிதாபப்படச் சொல்கிற படம் அது. 2010இல் இம் சங்-சூ அதே கதையை மறுபடி எடுத்தபோதுதான் பழி போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. முதலாளி ராத்திரி அவள் அறைக்கு வருகிறான், அப்புறம் செக் நீட்டுகிறான். அவள் கர்ப்பம் என்று தெரிந்ததும் அவனுடைய மாமியார் அவள் ஏறி நிற்கிற ஏணியைத் தட்டிவிடுகிறாள்.

டூரிங்டாக்கீஸ்:
பழைய படத்தின் மனைவியைக் கவனித்தீர்களா நெய்தல்? மாடிவீட்டுக்காகத் தையல் மெஷினில் உயிரை விடுகிறவள். படியில் விழுந்து கருவைக் கலைத்துக்கொள் என்று வேலைக்காரியைச் சம்மதிக்க வைப்பவளும் அவள்தான். வேலைக்காரியால் மகனே செத்த பிறகும் போலீசுக்குப் போகவில்லை, ஏனென்றால் விஷயம் வெளியே தெரிந்தால் தொழிற்சாலையில் பாட்டு வாத்தியாராக இருக்கிற கணவனின் வேலை போய்விடும். அந்தப் பயத்தை மோப்பம் பிடித்துத்தான் வேலைக்காரி வீட்டையே ஆள்கிறாள். 2010 படத்தில் அவளுக்கு என்ன கொடுத்தார்கள்? அந்தக் குடும்பத்தின் கண்முன்னே தூக்கில் தொங்கி எரிவதைத் தவிர?

நெய்தல்:
பயமுறுத்துவதெல்லாம் அதிகாரம் ஆகிவிடுமா? பழைய படத்தின் கடைசியில் எல்லாமே பேப்பரில் படித்த செய்தி என்று ஆக்கி, வாத்தியார் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆண்களுக்குப் புத்தி சொல்கிறார். கருவையும் உயிரையும் இழந்தவளை இதைவிட மலிவாக நடத்த முடியாது.

கரிசல்:
இரண்டு பேரும் 2010 படத்தின் மூத்த வேலைக்காரியை விட்டுவிட்டீர்கள். அதில் நடித்தவர் யுன் யோ-ஜங். இவரே 1971இல் கிம் கி-யங் தன் கதையை மறுபடி எடுத்தபோது இளைய வேலைக்காரியாக நடித்தவர். இங்கே, சின்னவள் கர்ப்பம் என்பதை மோப்பம் பிடித்து மாமியாரிடம் போய்ச் சொல்வதே அவர்தான். மகன் அரசு வக்கீலாகிவிட்டான், அதற்காக எத்தனை வருஷம் எதையெல்லாம் விழுங்கியிருப்பார்! 2019இல் இன்னொரு கொரியப் படமான 'பாராசைட்' காட்டியதும் இதைத்தான், முதலாளி குடும்பம் கேம்பிங் போயிருக்கிற நேரத்தில் உழைக்கிற இரண்டு குடும்பங்கள் நிலவறையில் அடித்துக்கொள்கின்றன.

டூரிங்டாக்கீஸ்:
சரி கரிசல், அது உண்மை. ஆனால் வாத்தியார் எப்பேர்ப்பட்டவர் என்று 1960 படம் ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறது. தனக்குக் காதல் கடிதம் எழுதிய தொழிலாளிப் பெண்ணைக் காட்டிக்கொடுத்து சஸ்பெண்ட் ஆக வைத்தவர். அவருக்குத் தன் வேலை போகும் என்றதும் வாய் அடைத்துப்போகிறது. நெய்தல், அந்த 2010 முதலாளி தன் வீட்டு வேலைக்காரிக்குப் பயந்து ஒரு ராத்திரியாவது தூங்காமல் கிடந்தானா?