தையல் ஸ்டூலுக்கும் தபால் தேதிக் கணக்குக்கும் ஒரே பேட்டன்ட் விண்ணப்பம் போதுமா?

பட்டறை625 கேட்டது:

இரண்டு சரக்கு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பதிய முடியுமா என்று தெரிய வேண்டும்.

ஒன்று, மிதிமெஷினில் தைப்பவர்களுக்கான ஸ்டூல். பலகை 360 × 340 மி.மீ., 12 மி.மீ. பிளைவுட். அதன்மேல் 30 மி.மீ. ரப்பரைஸ்டு காயர், அதாவது ரப்பர் சேர்த்த தேங்காய் நார். காயரின் அடிப்பக்கம் முன்னிருந்து பின்னாக நான்கு வாய்க்கால். ஒவ்வொன்றும் 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழம், 300 மி.மீ. நீளம். அதற்கும் மேலே 15 மி.மீ. ஓட்டை போட்ட லேட்டக்ஸ், பிறகு காட்டன் உறை. முன்விளிம்பில் தொடைக்கு அடியில் 200 × 60 × 15 மி.மீ. காற்றுப்பை. மிதிக்கும்போது தொடை ஏறி இறங்குவதால் பை அமுங்கி, வாய்க்கால் வழியாகக் காற்று போகும். பைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே சைக்கிள் ட்யூபில் வெட்டிய ஒருவழி மூடி ஒன்று. மின்சாரம் கிடையாது. மதுரை வெயிலில் வேர்வை குறைய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

இரண்டாவது மச்சானுடையது. ஜவுளிக்கடைகளுக்கு அழைப்புக் கடிதம் அச்சடித்து அனுப்புகிறார். வாடிக்கையாளர் வீட்டு விசேஷத்துக்கு 12 நாள் முன்பு கடிதம் கையில் கிடைக்க வேண்டும். பின்கோடு வாரியாகப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எந்தத் தேதியில் தபாலில் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் நிரல் எழுதியிருக்கிறார். இதே மாதிரி அமெரிக்கப் பேட்டன்ட்கள் நிறையவே இருக்கின்றன.

குன்னத்தூர் சத்திரத்துத் தையல் கடைகளில் சில ஸ்டூல்களைப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாமா? அரசுக் கட்டணம் எவ்வளவு?

கிண்டிக்கோப்பு எழுதியது:

ஸ்டூலைக் கடையில் போடாதீங்க. முதலில் விண்ணப்பம், பிறகுதான் சோதனை. ஆட்கள் வந்து போகும் இடத்தில் ஸ்டூல் கிடந்தால் அது பொதுப் பயன்பாடு. ‘புதுமை இல்லை’ என்று பின்னால் எதிர்ப்பவருக்கு நீங்களே ஆதாரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பேட்டன்ட் சட்டத்தின் 32-ஆம் பிரிவு சோதனை ஓட்டத்துக்கு ஓராண்டுச் சலுகை தருகிறதுதான். ஆனால் பொது இடத்தில் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று நிரூபிக்க வேண்டும். ஸ்டூலைப் பட்டறைக்குள்ளேயே சோதிக்க முடியும் என்பதால் அந்த வாதம் நிற்காது. பொருட்காட்சிக்கும் இதே கதைதான். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கு மட்டுமே 31-ஆம் பிரிவின் 12 மாதச் சலுகை. தமுக்கம் மைதானத்தில் ஸ்டால் போட்டுவிட்டு அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஒரே விண்ணப்பம் செல்லாது. ஒரு விண்ணப்பத்தில் ஒரே கண்டுபிடிப்புக் கருத்துதான் இருக்க வேண்டும், பிரிவு 10(5). காற்றுப் பைக்கும் தபால் தேதிக்கும் பொதுவாக எதுவும் இல்லை. சேர்த்துப் போட்டால் பேட்டன்ட் அலுவலகப் பரிசோதகர் பிரிக்கச் சொல்வார், பிரித்தால் மறுபடி முழுக் கட்டணம். மிச்சம் என்று எதுவும் தேறாது.

மச்சான் நிரலைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிவு 3(கே)-யின்படி கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், அல்காரிதம் எதுவும் இந்தியாவில் கண்டுபிடிப்பு ஆகாது. 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அலானி வழக்கில், தொழில்நுட்ப விளைவு காட்டினால் நிரல் என்பதற்காகவே தள்ளக் கூடாது என்றது. பலரும் இதைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் ‘வெறும்’ என்ற தளர்வு நிரலுக்குத்தான், வணிக முறைக்குக் கிடையாது. 2023-இல் ஓப்பன் டிவி வழக்கில் அதே நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. கடிதம் எந்தத் தேதியில் போனால் விற்பனை கூடும் என்பது வணிக முறையேதான்.

நீங்கள் பார்த்த அமெரிக்கப் பேட்டன்ட்களை வைத்து இங்கே முடிவெடுக்க முடியாது. 1998-இன் ஸ்டேட் ஸ்ட்ரீட் தீர்ப்புக்குப் பிறகு அங்கே வணிக முறைகளுக்கு வாசல் திறந்தது. 2014-இல் ஆலிஸ் தீர்ப்பு அதில் பெரும்பகுதியை அடைத்துவிட்டது. நடுவில் கொடுக்கப்பட்டவை தளத்தில் கிடக்கும், அவ்வளவுதான். அவை உங்களுக்கு உதவுவதைவிட, ‘ஏற்கெனவே வெளியானது’ என்று எதிராக நிற்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஸ்டூலுக்கு வழிமுறை: தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்ட எழுத்து) படிவம் 1, படிவம் 2. தனிநபர் இணையவழியில் கட்டினால் 1,600 ரூபாய். விண்ணப்பம் போட்ட தேதியே உங்கள் முன்னுரிமைத் தேதியாகிவிடும், புதுமையை அந்தத் தேதியை வைத்துத்தான் பார்ப்பார்கள். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். 30 பக்கம், 10 கோரிக்கை (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் வாசகம்) வரை இந்தக் கட்டணத்திலேயே அடங்கும். அதற்கு மேல் பக்கத்துக்கு 160, கோரிக்கைக்கு 320. பரிசோதனைக்குப் படிவம் 18, 4,000 ரூபாய். 2024 திருத்தத்துக்குப் பிறகு முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் இதைப் போட வேண்டும். பழைய கட்டுரைகளில் 48 மாதம் என்று இருக்கும், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீங்க. பரிசோதனை அறிக்கை வந்தபின் பதிலுக்கு 6 மாதம், கேட்டால் இன்னும் 3 மாதம். விண்ணப்பதாரரில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் படிவம் 18ஏ மூலம் விரைவுப் பரிசோதனை கேட்கலாம், 8,000 ரூபாய். பேட்டன்ட் கிடைத்தால் ஆயுள் 20 ஆண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம், தனிநபருக்கு 3 முதல் 6-ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800. அரசுக் கட்டணம் இப்படிச் சின்னதுதான். விண்ணப்பம் எழுதித் தரும் பேட்டன்ட் ஏஜென்ட் கட்டணம்தான் கையைக் கடிக்கும், எழுதும் முன்பே மொத்தமாகப் பேசிவிடுங்கள்.

தமிழில் எழுதிக் கொடுக்க முடியாது, ஆங்கிலம் அல்லது இந்திதான். ஏ4 தாள், மேலேயும் இடப்பக்கமும் 4 செ.மீ., கீழேயும் வலப்பக்கமும் 3 செ.மீ. ஓரம். தலைப்பு 15 வார்த்தைக்குள், சுருக்கம் 150 வார்த்தைக்குள். தமிழ்நாட்டு விண்ணப்பங்களுக்குச் சென்னை கிண்டி அலுவலகம்.

மச்சானைக் கூட்டு விண்ணப்பதாரராகப் போடும் யோசனை இருந்தால் 50-ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போடுங்கள். எழுத்தில் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் இருவருக்கும் சமபங்கு. தனித்தனியாகத் தயாரித்து விற்கலாம், ஆனால் ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் லைசென்ஸ் கொடுக்க முடியாது. சொந்தத்தில் மனக்கசப்பு வந்தால் ஸ்டூல் அப்படியே முடங்கும்.

நாரும்நுரையும் எழுதியது:

சட்டம் இருக்கட்டும். ஸ்டூல் அமைப்பில் ஒரு குறை இருக்கிறது. மூடி ஒன்றே ஒன்று என்கிறீர்கள். பை அமுங்கும்போது காற்று மூடியைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலுக்குப் போகும், சரி. பை விரியும்போது எங்கிருந்து உறிஞ்சும்? உள்வரும் வழி திறந்த துளையாக இருந்தால் அமுங்கும்போது பாதிக் காற்று அதே துளையில் வெளியே ஓடிவிடும். துளையே இல்லையென்றால் நாலு மிதியில் பை ஒட்டிப்போய்க் கிடக்கும். ஆகவே இரண்டு மூடி: பையின் முன்பக்கம் உள்ளே மட்டும் திறப்பது ஒன்று, பின்பக்கம் வாய்க்காலுக்குத் திறப்பது ஒன்று. பைக்குள்ளே நிமிரும் சக்திக்கு மென்மையான லேட்டக்ஸ் துண்டு வைக்க வேண்டும். தற்காலிக விவரக்குறிப்பில் இரண்டு மூடியும் படத்தோடு இருக்கட்டும். அதில் இல்லாததற்கு அந்தத் தேதி கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். மிதிக்கும்போது பை முழுதாக அமுங்காது. 2 மி.மீ. அமுங்குகிறது என்று வைத்தால் 200 × 60 × 2 = 24,000 கன மி.மீ., அதாவது 24 மி.லி. நான்கு வாய்க்காலின் கொள்ளளவு 4 × 12 × 10 × 300 = 144 மி.லி. கசிவு இல்லையென்றால் ஆறு மிதிக்கு ஒருமுறை உள்காற்று மாறும். மோசமில்லை. ஆனால் கசிவு இருக்கும். காயர் நாலாபக்கமும் காற்று விடும் பொருள், பக்கவாட்டில் எல்லாம் ஓடிவிடும். சுற்றுப்பக்கத்தை ரெக்சின் பட்டையால் ஒட்டி அடைத்தால்தான் காற்று மேல்நோக்கி லேட்டக்ஸ் ஓட்டை வழியாக உடம்புக்கு வரும்.

வாய்க்காலைக் காயரில் வெட்டுவது இன்னொரு தவறு. பிட்ட எலும்பு இரண்டும் அழுந்தும் இடத்தில் காயர் நாளாவட்டத்தில் படிந்து வாய்க்கால் மூடிக்கொள்ளும். பிளைவுட்டிலேயே ரூட்டரால் வெட்டிவிட்டால் எந்தக் காலத்திலும் மூடாது. 12 மி.மீ. பலகையில் 10 மி.மீ. வெட்டினால் மிச்சம் 2 மி.மீ., உட்கார்ந்ததும் விரிசல் விடும். 18 மி.மீ. எடுங்கள், 8 மி.மீ. மிஞ்சும்.

ஒட்டும்போது பசையை முழுப்பரப்பிலும் தேய்த்தால் லேட்டக்ஸ் ஓட்டைகளில் படலம் கட்டிவிடும். ஓரத்தில் மட்டும் கோடாக வையுங்கள். தையல் கடையில் பஞ்சுத்தூசி பறந்துகொண்டே இருக்கும், முன்மூடியில் படிந்தால் சரியாக மூடாது. நைலான் கொசுவலைத் துண்டைத் திருகு போட்டுக் கழற்றும்படி முன்னால் வையுங்கள். சைக்கிள் ட்யூபில் வெட்டினால் வளைந்த பக்கம் எப்போதும் ஒரு சந்து விடும். தட்டையான 0.5 மி.மீ. சிலிக்கான் ஷீட் நல்லது.

இப்போது பேட்டன்ட் பக்கம். பேட்டன்ட்களைப் பொருள்வாரியாகப் பிரித்து வகுப்புக் குறியீடு கொடுத்திருப்பார்கள். பழைய பேட்டன்ட்களைத் தேடும்போது நாற்காலி வகுப்பில் மட்டும் தேடி நிறுத்தாதீங்க. காற்றோட்ட இருக்கை ஏ47சி 7/74, வண்டி இருக்கை பி60என் 2/56. இவற்றைவிட உங்களுக்கு ஆபத்து ஏ43பி 7/06: காற்றோட்டச் செருப்பு, ஷூ. நடக்கும்போது குதிகால் அமுக்கிக் காற்றடிக்கும் உள்தட்டு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பரிசோதகர் அந்த ஷூவையும் ஒரு சாதாரண ஸ்டூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இரண்டையும் சேர்த்தது எல்லாருக்கும் தோன்றுவதுதானே’ என்பார். தெரிந்த பொருள்களை அடுக்கியது கண்டுபிடிப்பு ஆகாது என்ற பிரிவு 3(எஃப்)-உம் கூடவே வரும்.

அதற்கான மறுமொழி பை இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. பை ஏன் முன்விளிம்பில், ஏன் பின்னால் இல்லை? உடல் எடையில் பெரும்பங்கு பின்னால் எலும்பின்மேல் நிலையாக நிற்கிறது, அங்கே பை வைத்தால் அமுங்கியபடியே கிடக்கும். மிதிப்பதால் சுமை ஏறி இறங்குவது தொடைக்கு அடியில்தான். முதல் கோரிக்கை இந்த உறவைப் பிடிக்க வேண்டும்: தொடைப்பகுதியில் பை, எலும்புப்பகுதியில் காற்று வெளிவரும் ஓட்டைகள், நடுவே ஒருவழிப் பாதை. ‘சொகுசான ஸ்டூல்’ என்று எழுதினால் பத்து வரியில் தள்ளிவிடுவார்கள். அளவுகளை வரம்பாக எழுதுங்கள், ‘10 முதல் 14 மி.மீ., சிறப்பாக 12’ என்று. ‘மிதிமெஷின்’ என்ற சொல்லை முதல் கோரிக்கையில் போடாமல் துணைக் கோரிக்கைக்குத் தள்ளுங்கள், மேசைக்கடியில் கால் ஆட்டுபவருக்கும் பொருந்தட்டும். மோட்டார் மெஷினில் கால் மேலே ஏறி இறங்காது, அங்கே இது வேலை செய்யாது என்பதும் நினைவிருக்கட்டும்.

விளைவுக்கு எண் வேண்டும். ஒரே ஸ்டூல், ஒருமுறை மூடி இயங்கும்படி, ஒருமுறை டேப் ஒட்டி அடைத்து. 50, 65, 80 கிலோ அளவில் மூன்று பேர். ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம், ஃபேன் நிறுத்தி. உறைக்கு அடியில் மூன்று இடத்தில் வெப்பம், ஈரப்பதம் பதியும் சென்சார், நிமிடத்துக்கு ஒரு பதிவு. பையைப் பின்னால் மாற்றி வைத்த ஒரு ஸ்டூலையும் சேர்த்துச் சோதித்தால், இடம் முக்கியம் என்ற உங்கள் வாதத்துக்கு அதுவே சாட்சி. இதெல்லாம் பூட்டிய பட்டறைக்குள்.

தபால்பை எழுதியது:

நிரலைப் பேட்டன்ட் பண்ண ஓடுவதைவிட மூடி வைப்பதே மேல். விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகிவிடும், உரிமையும் கிடைக்காமல் ரகசியமும் போகும். நிரல் எழுத்துக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு. வேலையாட்களிடம் ரகசிய ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள். கடையின் வாடிக்கையாளர் பட்டியல் தனிநபர் தரவு என்பதால் 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதில் உண்டு. விசேஷத் தேதி கேட்கும்போதே, கடிதம் அனுப்புவதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது.

உண்மையான மதிப்பு ஃபார்முலாவில் இல்லை, பின்கோடு வாரியான நாள் பதிவில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலும் சில கடிதங்களைத் தெரிந்தவர் முகவரிக்குப் போட்டு, கைக்கு வந்த தேதியை வாங்கிப் பதியுங்கள். சராசரியை எடுக்காதீங்க. சராசரி மூன்று நாள் என்றால் கணிசமான கடிதங்கள் அதற்குப் பிறகுதான் வரும். பத்தில் எட்டு எந்த நாளுக்குள் சேர்ந்ததோ அந்த நாளை வையுங்கள். நகருக்குள் 625001-க்கும், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் கிளை அஞ்சலகம் வழியாகப் போகும் ஊருக்கும் ஒரே எண் போட்டால் கிராமத்துக் கடிதம் எல்லாம் பிந்தும். ஞாயிறு, அஞ்சல் விடுமுறை இரண்டையும் கழித்து வேலைநாளாக எண்ண வேண்டும். அன்றைய தபால் பை கட்டிய பிறகு கொண்டுபோய்க் கொடுத்தால் அது மறுநாள் கணக்கு.

12 நாள் என்ற எண்ணையும் யோசியுங்கள். காதுகுத்துக்குச் சரியாக வரலாம். கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பது அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஆடி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பதால் ஆவணிக் கல்யாணத்துக்கான கடிதம் ஆடித் தள்ளுபடிக் கடிதத்தோடு மோதும். ஒரே வீட்டுக்கு ஒரே வாரத்தில் இரண்டு போகாமல் தடுக்கும் விதியை முதலில் எழுதச் சொல்லுங்கள்.

பட்டறை625:

இரண்டு மூடி, 18 மி.மீ. பலகை, ரெக்சின் பட்டை மூன்றையும் படத்தில் சேர்த்துவிடுகிறேன் அண்ணே. நிரலை விட்டுவிடுகிறோம். தற்காலிக விண்ணப்பம் போட்டதும் ஸ்டூல் அடியில் ‘பேட்டன்ட் பெற்றது’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கலாமா?

கிண்டிக்கோப்பு:

கூடாது தம்பி. ‘விண்ணப்பிக்கப்பட்டது’ என்று எழுதி விண்ணப்ப எண்ணைப் போடலாம். கிடைக்கும் முன்பே ‘பெற்றது’ என்று எழுதினால் 120-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். இன்னொன்று, விண்ணப்பம் வெளியான தேதியிலிருந்து உங்கள் உரிமை எண்ணப்படும். ஆனால் பேட்டன்ட் கையில் வந்த பிறகுதான் நகல் அடித்தவர்மேல் வழக்குப் போட முடியும். சீக்கிரம் வெளியாக வேண்டுமென்றால் முழு விவரக்குறிப்பு கொடுத்தபின் படிவம் 9, 2,500 ரூபாய்.