உதவி: 2^61 − 1 பகா எண்தானே? என் நிரல் இல்லை என்கிறது

கயல்_17:
அவசரம், நாளை செய்முறை வகுப்பில் காட்ட வேண்டும். 2-இன் அடுக்கில் 1 குறைத்தால் வரும் எண் பகா எண்தானா என்று பார்க்கும் லூக்கா–லெமர் சோதனைக்கு நிரல் எழுதினேன். அடுக்கு 7, 13, 31 எல்லாம் சரியாக வருகிறது. 61 கொடுத்தால் மட்டும் பகு எண் என்கிறது. எங்கே தப்பு?

மதுரைக்காரன்:
எந்த மொழி? எண்ணை எந்த வகையில் வைத்திருக்கிறீர்கள்?

இரட்டைப்புள்ளி:
சுற்று எண்ணிக்கையாகத்தான் இருக்கும், நான் எப்போதும் அங்கேதான் மாட்டுவேன். அடுக்கில் இரண்டு குறைத்து அத்தனை சுற்று ஓட வேண்டும். 4-இல் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் வர்க்கம் எடுத்து 2 கழித்து மீதி காண வேண்டும்; கடைசியில் 0 வந்தால் பகா எண். 7-க்குக் கையால் போட்டுப் பாருங்கள், 2^7 − 1, அதாவது 127-ஆல் வகுத்த மீதி: 4, 14, 67, 42, 111, 0. ஐந்தே சுற்று.

மதுரைக்காரன்:
சுற்று தப்பென்றால் 7-லேயே தெரிந்திருக்குமே.

பழையவர்:
எண் வகைகளின் கொள்ளளவு முதலாண்டுப் பாடம். படித்துவிட்டு வந்து கேட்டிருக்கலாம். இங்கேயே பலமுறை எழுதியாயிற்று.

கயல்_17:
சி மொழி. 64 பிட், குறியில்லாதது. 2^61-ஐ பவ் (அடுக்கு காணும் சார்பு) போட்டு எடுத்து 1 கழித்தேன். அச்சிட்டால் 2305843009213693952.

மதுரைக்காரன்:
கடைசி இலக்கத்தைப் பாருங்கள், 2! இரட்டை எண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள். 951-இல் முடிய வேண்டும். பவ் தருவது டபுள் என்ற தசம எண் வகை, அதன் துல்லியம் 53 பிட்தான். கழித்த 1 அதில் தங்கவில்லை. 64 பிட் 1-ஐ இடப்பக்கம் 61 இடம் நகர்த்தி, பிறகு கழியுங்கள்.

கயல்_17:
951 வந்துவிட்டது. அப்போதும் பகு எண் என்றுதான் சொல்கிறது.

மதுரைக்காரன்:
அப்போ வர்க்கம். மீதி 61 பிட் வரை வரும், அதன் வர்க்கம் 122 பிட். மேல்பாதி வழிந்து போகிறது. பெருக்குவதற்கு முன்பே 128 பிட்டுக்கு மாற்றுங்கள், ஜிசிசி கம்பைலரில் அந்த வகை உண்டு.

எண்வேலி:
இந்த 61-ஐ, இவ்வகைப் பகா எண்களுக்குப் பெயர் தந்த மெர்சென்னே, பகா எண் தரும் அடுக்குகளின் 1644 பட்டியலில் விட்டுவிட்டார். 67-ஐச் சேர்த்திருந்தார். 2^67 − 1 பகு எண் என்று 1903-இல் கோல் என்ற கணிதவியலாளர்தான் கண்டுபிடித்தார்.

பழையவர்:
தவறு. 1876-லேயே லூக்கா காட்டிவிட்டார். கோல் தந்தது காரணிகளை: 193707721 × 761838257287.

எண்வேலி:
காரணியைக் கண்ணால் பார்க்காமல் எனக்கு நிறைவு வராது.

பழையவர்:
காரணி ஒன்றுகூடத் தெரியாமல் பகு எண் என்று உறுதியாகச் சொல்வதுதான் இந்தச் சோதனையின் அழகே. 2024-இல் கிடைத்த பகா எண் 2^136279841 − 1-க்கு 4,10,24,320 இலக்கங்கள். அதை உறுதிசெய்ததும் இதே சோதனைதான்.

இரட்டைப்புள்ளி:
மீதி 0 அல்லது 1 ஆக இருக்கும்போது 2 கழித்தால் குறியில்லா எண் எதிர்மமாகாமல் மிகப் பெரிய எண்ணாகச் சுற்றிக்கொள்ளும். அதையும் கவனியுங்கள்.

கயல்_17:
59-ஆவது சுற்றில் 0! மதுரைக்காரன் அண்ணா, ரொம்ப நன்றி. அடுத்து 67 போடப் போகிறேன்.

மதுரைக்காரன்:
பொறுங்கள். அந்த எண் 64 பிட்டில் அடங்காது, வர்க்கம் 128-ஐயும் தாண்டும். பைத்தானில் எழுதுங்கள்.