சத்துவாச்சாரி தாத்தா வீடு

விஜி அக்கா: சனிக்கிழமை சத்துவாச்சாரில கரண்ட் கட். காலை 9லேருந்து 5. காதுகுத்து பேனருக்கு தாத்தாவோட அறுபதாம் கல்யாண போட்டோ வேணும், அதுக்குள்ள யாராச்சும் எடுத்து வைங்க

குமார் சித்தப்பா: போட்டோவும் கேமரா பதிவும் வெச்சிருக்கிற சர்வர்லேருந்து டிஸ்க் எச்சரிக்கைன்னு மெயில் வருது. தொட பயமா இருக்கு. செந்தில்??

ராணி அத்தை: 🙏🌺 காலை வணக்கம்

செந்தில்: பார்த்துட்டேன் சித்தப்பா. போட்டோ எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்கு. தேயறது எஸ்எஸ்டி, எழுத எழுத தேயற சிப் டிரைவ். டிஸ்க் நிலைமை சொல்ற ஸ்மார்ட்சிடிஎல் கமாண்ட் ஓட்டினேன், இதுவரை எழுதின எல்பிஏ, அதாவது டிஸ்க் கட்டம், 12,600 கோடி. ஒண்ணு 512 பைட், ஆக 64.5 டிபி. இந்த 240 ஜிபி டிரைவுக்கு வாரண்டி 80 டிபி எழுதற வரைக்கும்தான்.

ஆற்காடு பெரியப்பா: இன்னாடா இது, வாங்கி ரெண்டு வருசம்தான ஆவுது

செந்தில்: கணக்கும் அதைத்தான் சொல்லுது பெரியப்பா. 4 கேமரா, ஒண்ணுக்கு 2 எம்பிபிஎஸ். சேர்ந்து நொடிக்கு 8 மெகாபிட், 8 பிட் ஒரு பைட், ஆக 1 எம்பி. ஒரு நாளைக்கு 86 ஜிபி, வருசத்துக்கு 31 டிபி. சாஃப்ட்வேர் எல்லாத்தையும் முதல்ல 10 நொடி துண்டா கேச்ல, அதாவது தற்காலிக ஃபோல்டர்ல, எழுதும். அசைவு இருந்தா ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்தும், மத்ததை அழிச்சிடும். அந்த கேச் எஸ்எஸ்டில கீது.

தினேஷ்: வாசல்ல நாய் தூங்கறத ரெண்டு வருசமா எழுதி அழிச்சிருக்கு 😂

குமார் சித்தப்பா: நான் அப்பவே சொன்னேன், கேமரா 2 போதும்னு

ராணி அத்தை: மாடியில கேமரா கேட்டது யாரு

குமார் சித்தப்பா: 🙄

செந்தில்: கேச்சை ராம்டிஸ்க்குக்கு, அதாவது டிஸ்க் மாதிரி பயன்படுத்தற ராம் பகுதிக்கு, மாத்தினா தீர்ந்தது. ராம் 8 ஜிபி, ஃப்ரீ ஹைஃபன் ஹெச் கமாண்ட் போட்டா அவெய்லபிள் 5 ஜிபி காட்டுது. டிஎம்பிஎஃப்எஸ்ங்கற ராம்டிஸ்க் 1 ஜிபி போதும். 4 கேமராவோட 10 நொடி துண்டு சேர்ந்தாலே 10 எம்பிதான். சிபியு திணறினா துண்டு தேங்கும், அதுக்குத்தான் மீதி. சைஸ்னு போடறது உச்சவரம்புதான், நிரம்பின அளவுக்குத்தான் ராம் போகும். ராம்எஃப்எஸ்ங்கற இன்னொரு வகை வேணாம், அதுக்கு வரம்பே கிடையாது, மொத்த ராமையும் தின்னுட்டு மெஷினை படுக்க வெச்சிடும்.

தினேஷ்: கமாண்ட் அனுப்பு, ராத்திரி போட்டுடறேன்

செந்தில்: இங்க அனுப்பினா போன் ரெண்டு ஹைஃபனை ஒரே நீளக் கோடா மாத்திடுது, காப்பி பண்ணா பிழை. நீயே தட்டு.
முதல்ல ரெக்கார்டிங் சர்வீஸை நிறுத்து. கேச் ஃபோல்டரை காலி பண்ணு. மறந்தா, மவுன்ட் பண்ற, அதாவது அங்க இணைக்கிற, ராம்டிஸ்க் பழைய துண்டு மேல உக்காந்துக்கும், அந்தத் துண்டு கண்ணுக்குத் தெரியாது, ஆனா எஸ்எஸ்டில இடத்தை அடைச்சிக்கினு கிடக்கும்.
பூட்ல எதை எங்க மவுன்ட் பண்ணணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல கடைசி வரி: டிஎம்பிஎஃப்எஸ், கேச் ஃபோல்டர் பாதை, திரும்ப டிஎம்பிஎஃப்எஸ், அப்புறம் சைஸ்=1ஜி கமா மோட்=1777 கமா நோஃபெயில், 0, 0. கமாவுக்குப் பக்கத்துல இடம் விடாதே.
ரீபூட் பண்றதுக்கு முன்னாடி ஃபைன்ட்மவுன்ட் ரெண்டு ஹைஃபன் வெரிஃபை போட்டு வரியைச் சரிபாரு, அப்புறம் மவுன்ட் ஹைஃபன் ஏ போட்டு இணைச்சுப் பாரு. வரியில தப்பு இருந்து நோஃபெயிலும் எடுபடலன்னா பூட் பாதியில எமர்ஜென்சி மோட்ல நின்னுடலாம், அப்புறம் மானிட்டர் தூக்கிக்கினு போகணும்.

விஜி அக்கா: போட்டோ?

ஆற்காடு பெரியப்பா: ரத்னகிரில காதுகுத்து சாப்பாடு யார் பொறுப்பு. முள்ளு கத்திரிக்கா வேணும்னா நான் இலவம்பாடில சொல்லி வைக்கணும்

ராணி அத்தை: 10 கிலோ

தினேஷ்: ஸ்வாப், ராமுக்கு மாத்தா இருக்கிற டிஸ்க் இடம், எஸ்எஸ்டிலதான கீது? ராம் பத்தலன்னா டிஎம்பிஎஃப்எஸ் அங்கேயே போய் எழுதுமே

செந்தில்: சபாஷ். லினக்ஸ் கெர்னல் 6.4 இல்ல அதுக்கு மேலன்னா அந்த வரியிலயே நோஸ்வாப் சேர்த்துக்கலாம். பழசுன்னா, ஸ்வாப்பை எவ்வளவு நாடணும்னு சொல்ற ஸ்வாப்பினஸை 10க்கு இறக்கு. லாகுக்கு, அதாவது மெஷின் எழுதற பதிவுக்கு, வார்லாக் ஃபோல்டர் முழுசையும் ராம்ல ஏத்தாதே, ஒவ்வொரு பூட்லயும் காலியா வரும், வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் தன் ஃபோல்டரைக் காணோம்னு எழும்பாது. லாக் எழுதற ஜர்னல்டில ஸ்டோரேஜ்=வொலடைல், ரன்டைம்மேக்ஸ்யூஸ்=64எம் போதும். ஒரு நஷ்டம், மெஷின் ஹேங் ஆச்சுன்னா ஏன்னு சொல்ற லாகும் போயிடும். போட்டோ டேட்டாபேஸை மட்டும் ராம் பக்கம் யாரும் கொண்டு போகாதீங்க.

தினேஷ்: எஸ்எஸ்டிக்கு எஃப்எஸ்டேப்ல கமிட்=60 போடட்டா? எழுதறது இன்னும் குறையும்

செந்தில்: வழக்கமா எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், சேர்த்து வெச்சதை 5 நொடிக்கு ஒரு தடவை டிஸ்க்ல கொட்டும். 60 போட்டா, கரண்ட் போனா ஒரு நிமிசம் வரைக்கும் எழுதினது காலி. இன்வெர்ட்டர் இருந்தா போடலாம்.

குமார் சித்தப்பா: இன்வெர்ட்டர் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்

ஆற்காடு பெரியப்பா: நைனா இருக்கும்போதே என்னை எடுத்துக்கச் சொன்னாரு. பேட்டரி நான் மாத்தினது

ராணி அத்தை: ஆரம்பிச்சாச்சு

விஜி அக்கா: சனிக்கிழமைக்கு மட்டும் கொண்டு வாங்க பெரியப்பா

ஆற்காடு பெரியப்பா: பாக்கலாம். கத்திரிக்கா ஏத்தற வண்டியில இடம் இருந்தா

செந்தில்: வந்தா பின்னாடி சின்ன சுவிட்ச் இருக்கும், அதை யூபிஎஸ் பக்கம் தள்ளுங்க. இன்னொரு பக்கம் இருந்தா கரண்ட் மாறுற இடைவெளில சர்வர் ரீஸ்டார்ட் ஆயிடும். எஸ்எஸ்டியும் புதுசு வாங்கித்தான் ஆகணும், இப்ப பண்றது தேய்மானத்தை நிறுத்தும், தேஞ்சதைத் திருப்பாது.

குமார் சித்தப்பா: யார் காசு

தினேஷ்: 🏃

ராணி அத்தை: 10 இல்ல, 12 கிலோ சொல்லுண்ணா

விஜி அக்கா: பேனர்காரர் 6 மணிக்கு கடை மூடிடுவாரு. போட்டோ யார் அனுப்பறீங்க