ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்னாடியே காலேஜுக்கு அப்ளிகேஷன் போடலாமா? (ஏற்காடு, எஸ்டி)

நாகலூர்க்காரன்:
தங்கச்சி ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளி, ப்ளஸ் டூ கணிதப் பிரிவு. கருப்பூர் அரசு இன்ஜினியரிங் காலேஜ் கிடைச்சா அது, இல்லேன்னா சேலம் அரசு மகளிர் கலைக் கல்லூரியில பி.எஸ்சி. கணிதம். மார்க் பார்த்துட்டுப் போட்டாப் போதுமா? முதல்ல போட்டவங்களுக்கு முதல்ல சீட்டா? சாதிச் சான்று பழைய அட்டைதான் இருக்கு.

கட் ஆஃப் கணக்கு:
முதல்ல போட்டா முதல் சீட்டுங்கிறது இல்லைங்க. ரேங்க் மார்க்கை வச்சுத்தான். இன்ஜினியரிங்ல கணித மார்க் முழுசா, இயற்பியலும் வேதியியலும் பாதி. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88னா 92 + 42 + 44 = 178, இருநூறுக்கு. சமமா வந்தா கணித மார்க், அப்புறம் இயற்பியல்னு பார்ப்பாங்க. பதிவு பண்ணின தேதிக்கு அங்க வேலையே இல்ல.

ஆனா காத்திருக்கவும் வேண்டாம். 2025ல இன்ஜினியரிங், கலைக் கல்லூரி ரெண்டுக்கும் ஆன்லைன் பதிவு மே 7ல திறந்துச்சு, ரிசல்ட் மறுநாள்தான். கலைக் கல்லூரிப் பதிவு மே 27லயே முடிஞ்சுது, இன்ஜினியரிங் ஜூன் 6 வரைக்கும். கலைக் கல்லூரியைத் தவற விடுறவங்கதான் அதிகம். ரெண்டுலயும் போடுங்க.

சான்றிதழ் சகோதரி:
தம்பி, தேதியை விடுங்க, உங்களுக்கு இழுக்கப் போறது அந்த அட்டைதான். பதிவுல டிஜிட்டல் சான்று ஏத்தணும். மத்த சாதிச் சான்று தாலுகா ஆபீஸ்லயே முடியும். எஸ்டி சான்று விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் தாண்டிக் கோட்டாட்சியர் கையெழுத்துக்குப் போகணும் (இவரையும் ஆர்டிஓன்னுதான் சொல்வாங்க, அதைக் கேட்டுட்டு லைசென்ஸ் ஆபீஸுக்குப் போயிடாதீங்க). மே மாசம் எல்லாரும் ஒரே நேரத்துல போடுவாங்க. அதனால இந்த வாரமே இ-சேவைல போட்டுடுங்க, கட்டணம் 60 ரூபாய். அப்பாவோட இல்ல கூடப்பிறந்தவங்களோட எஸ்டி சான்று இருந்தா கண்டிப்பா சேருங்க.

திருப்பி அனுப்புறது பெரும்பாலும் பேர்லதான். ஆதார்ல "மு. செல்வி", மாற்றுச் சான்றிதழ்ல "செல்வி மு", அட்டையில அப்பா பேர் வேற எழுத்து, இப்படி. மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, ஆதாரை முதல்ல திருத்துங்க.

கட் ஆஃப் கணக்கு:
பதிவுல ஆறு முதல் பன்னிரண்டு வரைக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் பள்ளி விவரத்தை நிரப்பணும். இன்ஜினியரிங்ல அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அதை வச்சுத்தான். கிடைச்சா கட்டணத்தை அரசே கட்டும். ஓடிபி உங்க நம்பருக்கு வரணும். பிரவுசிங் சென்டர்க்காரர் நம்பரைக் கொடுத்துட்டு, கலந்தாய்வுல காலேஜ் சாய்ஸ் நிரப்புற அன்னைக்கு அவரைத் தேடி அலையாதீங்க.

நாகலூர்க்காரன்:
நன்றிங்க அக்கா, அண்ணா. கலைக் கல்லூரியில ஜூன்லயே சேரச் சொன்னா? இன்ஜினியரிங் கலந்தாய்வு ஜூலைதானே?

சான்றிதழ் சகோதரி:
சேர்ந்துடுங்க. ஒரிஜினலை அவங்க பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யுஜிசி விதி இருக்கு. ஆனா மாற்றுச் சான்றிதழைத் திரும்ப வாங்க ரெண்டு மூணு நாள் ஆகும், மலையில இருந்து ரெண்டு தடவை இறங்கணும். கொடுக்கிறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, அஞ்சு செட் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க. இன்ஜினியரிங் கலந்தாய்வுல கிடைச்ச சீட்டை உறுதி பண்ண குறிச்ச நாள் கொஞ்சம்தான். அதனால ஆணை கைக்கு வந்த அன்னைக்கே சான்றிதழைத் திரும்பக் கேட்டு கலைக் கல்லூரியில லெட்டர் எழுதிக் கொடுத்துடுங்க.