மருந்தெதிர்ப்பா, மருந்துமீறலா?

அன்பின் நண்பர்களுக்கு,

கிருமிகள் மருந்துக்குச் சாகாமல் வளர்வதை ஆங்கிலத்தில் antimicrobial resistance என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அகராதிக்கு அது சரி. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் சுகாதார வகுப்பு எடுக்கிறவள் நான். அந்தச் சொல் அங்கே எப்படிக் காதில் விழுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ‘எதிர்ப்பு’ என்றாலே ‘எதிர்ப்பு சக்தி’தான். பாடப்புத்தகத்தில் நிர்ப்பீடனம் என்று படிக்கிற பிள்ளைகளும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘சும்மா சும்மா அன்டிபயோடிக் போட்டால் எதிர்ப்பு கூடும்’ என்றேன். ‘கூடட்டுமே, நல்லதுதானே பிள்ளை?’ என்று கேட்டார் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர்.

மலையகத்தில் மட்டும் உள்ள குழப்பமும் அல்ல இது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இந்தியா உட்பட 12 நாடுகளில் விசாரித்தபோது, 100க்கு 76 பேர் மருந்தை எதிர்ப்பது மனித உடம்பு என்றே நினைத்திருந்தார்கள். மாறுவதோ பற்றீரியா. பென்சிலினைச் சிதைக்கும் நொதியம் சிலவற்றிடம் உண்டு. வேறு சில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். இதற்கான மரபணு, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏறிப் பக்கத்துப் பற்றீரியாவுக்கும் போகும். அப்புறம், மாத்திரையே தொடாத ஒருவருக்கும் அழுக்கான பீலித் தண்ணீர் வழியே அந்தக் கிருமி தொற்றலாம். உடம்புதான் மருந்துக்குப் பழகுகிறது என்று நம்புகிறவருக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

அதனால் கிருமியே எழுவாயாக நிற்கிற சொல் வேண்டும். ‘மருந்துமீறல்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ஆய்வுகூடத்தில், கிருமி வளர்க்கிற அகார் தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, மருந்து தோய்த்த சிறு வட்டுகளை அதன்மேல் வைப்பார்கள். மருந்து பலித்தால் மறுநாள் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும். பலிக்காவிட்டால் கிருமி வட்டின் விளிம்புவரை படர்ந்து நிற்கும். மருந்தை மீறி வளர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

‘மருந்துகேளாமை’ என்று ஒருவர் முன்வைத்தது எனக்கும் பிடித்தது. ‘காய்ச்சல் மருந்துக்குக் கேட்கல’ என்பது எங்கள் வாயில் தினமும் வருகிற பேச்சு. ஆனால் தடிமனும் (சளியும்) அன்டிபயோடிக்குக்குக் கேட்காது. அது வைரஸால் வருவது, அந்த மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. அந்த வேறுபாட்டை விளக்கத்தான் நான் வகுப்பில் பாதி நேரத்தைச் செலவிடுகிறேன். இந்தச் சொல் இரண்டையும் மறுபடி ஒன்றாக்கிவிடும்.

‘மீறல்’ என்றால் உரிமை மீறல், சட்ட மீறல் ஞாபகம் வருகிறது என்ற ஆட்சேபத்தையும் பார்த்தேன். நோய் முற்றினால் ‘வருத்தம் கைமீறிப் போச்சு’ என்று சொல்கிற சனத்துக்கு அது ஒட்டாத சொல் இல்லை.

கூட்டுச்சொற்களும் இலகுவாக வருகின்றன: மருந்துமீறிய கிருமி, பன்மருந்துமீறல், மீறல் மரபணு. மருந்து இருக்கும்வரை வளராமலும், சட்டென்று சாகாமலும் கிடக்கிற நிலை வேறு. அதற்கு ‘மருந்துதாங்கல்’ என்பதை ஒதுக்கி வைப்போம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மருத்துவ மாணவர்கள்தான் திண்டாடுவார்கள்.